சத்தம் போடாத பூட்ஸ்

பெரிய தெரு தொடங்கும் இடத்தில் ஒரு அடிபம்பு. அதன் சிமெண்டு மேடைமேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, பூட்ஸ் கயிற்றின் முடிச்சில் கை வைத்தபடி நான் நிற்கிறேன். சைக்கிள் என் இடுப்பில் சாய்ந்திருக்கிறது. கார்த்திகை மாதம், காலை வெயில். மழையில் நனைந்த வைக்கோல் காய்கிற வாசனை தெரு முழுக்க அடிக்கிறது.

பக்கத்தில் என் மனைவி பாக்கியம். களை பறிக்கக் கிளம்பியவள், கையில் தூக்குவாளியோடு நின்று என் கையையே பார்க்கிறாள்.

"கழட்டப் போறியா?" என்கிறாள்.

பென்ஷன் வாங்கிக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதும்போதுகூட அந்தக் கேள்வி வந்தால் கை கொஞ்சம் நின்றுவிடுகிறது. அவள் கேட்கிற கேள்விகள் எல்லாமே அப்படித்தான். ஆனால் அந்த பூட்ஸ் என் காலுக்கு வந்த கதையைச் சொல்லாமல் அன்று நான் என்ன செய்தேன் என்று சொன்னால் உங்களுக்கு விளங்காது.

கம்பம் நட வந்தவன்

நன்னிலத்துப் பக்கம் எங்கள் ஊர். நடுவில் மிராசுதார்களின் பெரிய தெரு. அதற்குத் தெற்கே, வாய்க்காலைத் தாண்டி எங்கள் தெரு. நாங்கள் பண்ணையாட்கள். நாற்று நடுவதும் அறுப்பதும் போரடிப்பதும் நாங்கள், நெல் போய்ச் சேருவது பெரிய தெருவுக்கு.

எங்கள் ஆட்கள் பெரிய தெருவில் நுழைந்தால் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். இதை யாரும் போர்டு எழுதி மாட்டி வைக்கவில்லை. அடிபம்பு வந்ததும் கை தானாகக் காலுக்குப் போகும்.

அப்போது ஆட்சி மாறியிருந்தது. சாதியைச் சொல்லி யாரையும் கூப்பிடக் கூடாது என்று மேடைக்கு மேடை பேசினார்கள். எங்கள் ஊர் மிராசுதார் சின்னப் பண்ணையே கரைவேட்டிக்கு மாறி, ஒலிபெருக்கியில் "உடன்பிறப்புகளே" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் முடிந்து நாங்கள் வீடு திரும்பும்போது அதே அடிபம்பில் செருப்பைக் கழற்றினோம். இதில் ஏதோ இடிக்கிறது என்று எனக்குத் தோன்றியதா என்றால், தோன்றவில்லை. பாக்கியத்துக்குத் தோன்றியது. அவள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அந்த வருஷங்களில் ஊருக்கு ஊர் கரண்ட் கம்பம் நட்டார்கள். நான் குழி தோண்டும் கூலியாகப் போனேன். எட்டாவது வரை படித்தவன், ஏணியில் ஏறப் பயப்படாதவன் என்று போர்மேனுக்கு என்னைப் பிடித்துவிட்டது. கரண்ட் ஆபீசில் ஹெல்பர் வேலை போட்டுக் கொடுத்தார். தற்காலிகம்தான். அவர் திருப்தியாக ரிப்போர்ட் எழுதினால் நிரந்தரம் ஆகும். எங்கள் தெருவில் மாதம் பிறந்தால் சம்பளம் என்று யாருக்கும் இருந்ததில்லை, அதனால் அந்த ரிப்போர்ட்டுக்காக என்னைவிட என் தெருதான் அதிகம் காத்திருந்தது.

போர்மேன் திருவையாற்றுக்காரர். கம்பத்துக்குக் கீழே நின்று தொடையில் தாளம் போட்டுக்கொண்டு ஏதாவது ராகத்தை முனகுவார். கோபம் வந்தால் முனகல் நின்றுவிடும். அவர் வந்த முதல் நாளே சொன்ன விதி ஒன்றுதான்.

"வெறுங்காலோட கம்பத்துல ஏறாதய்யா. லைனை நிறுத்தியாச்சுன்னு நெனச்சுக்கிட்டு ஏறினவங்க எத்தனையோ பேரு. ரப்பர் அடிவச்ச பூட்ஸா பாத்து வாங்கிக்க. அடியில ஒரு ஆணிகூட இருக்கப் படாது."

ஆபீசில் கொடுத்த பூட்ஸ் எல்லாம் ஒரே அளவு. அது யார் காலுக்கும் சேராது என்பதால் அலமாரியிலேயே இருந்தது. ஆகவே நானே வாங்க வேண்டியதாயிற்று.

ஈர்க்குச்சி அளவு

எங்கள் பக்கத்தில் வீட்டிலிருப்பவர்களுக்குச் செருப்பு வாங்கப் போனால், ஒரு ஈர்க்குச்சியை அவர்கள் பாதத்தின் நீளத்துக்கு ஒடித்து மடியில் வைத்துக்கொண்டு போவது வழக்கம். கடைக்காரரும் அந்தக் குச்சியைச் செருப்பின்மேல் வைத்துப் பார்த்துக் கொடுத்துவிடுவார்.

நான் என் காலுக்கே ஈர்க்குச்சி ஒடித்துக்கொண்டு போனேன். சிரிக்காதீர்கள். சேற்றிலேயே வளர்ந்த கால் என்னுடையது. குதிகாலில் வெடிப்பு, விரலிடுக்கில் பழைய சேற்றுப்புண் தழும்பு, நகம் எல்லாம் ஒரு மாதிரி. கும்பகோணத்தில் கண்ணாடி வைத்த கடையில் உட்கார்ந்து, யாரோ ஒருவர் கையில் அந்தக் காலைத் தூக்கிக் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

கடைக்காரர் ஒரு பாய், நரைத்த தாடி. "பூட்ஸு யாருக்கு?" என்றார்.

"என் தம்பிக்கு" என்றேன். எனக்குத் தம்பி கிடையாது.

"தம்பி வரலையா?"

"அவனுக்கு வேலை."

பாய் குச்சியை வாங்கி ஒரு பூட்ஸுக்குள் விட்டுப் பார்த்தார். கனகச்சிதம். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தோல் வாசனை மூக்கிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து காலை விட்டால், நுழைய மாட்டேன் என்கிறது. குதிகால் ஒரு பக்கம் நிற்க, விரல்கள் வாசலிலேயே நின்றுவிட்டன. வழுக்கும் வரப்பில் நடந்து நடந்து எங்கள் கால்விரல்கள் அகன்றுபோயிருக்கும். பெருவிரல் தனியாக ஒதுங்கி மண்ணைப் பிடிக்கும். குச்சி நீளத்தைச் சொன்னது. அகலத்தைச் சொல்ல அதற்கு வாய் இல்லை.

பாக்கியம் சிரித்த சிரிப்பில் அடுப்பில் சோறு குழைந்துவிட்டது.

"அந்தக் குச்சிக்கே போட்டு விடு. அதுக்குச் சரியா இருக்கும்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏய்யா, காலு உன்னுதுதானே? அதுக்கு ஒரு ஆளை அனுப்பினியா? நல்லவேளை, என்னைப் பொண்ணு பாக்க ஈர்க்குச்சியை அனுப்பாம நீயே வந்த."

பாய் கடையில் ஒரு சாயங்காலம்

மறுபடி போனபோது அவளும் வந்தாள். காலையிலேயே கிளம்பலாம் என்றேன். வேண்டாம், வேலை முடித்துச் சாயங்காலம்தான் போக வேண்டும் என்றாள்.

"நடவு நட்டுட்டு வர்ற அன்னிக்குப் பாரு, சாயங்காலம் மெட்டி இறுகிக் கெடக்கும். காலையில அதே மெட்டி சுத்தும். வீங்குன காலுக்கு வாங்கினாத்தான் நாள் பூரா போட முடியும்."

பாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பூட்ஸைத் திரும்ப வைத்தேன். அவர் பெஞ்சைக் காட்டினார். நான் தயங்கி நிற்க, பாக்கியம் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். பாய் குனிந்து என் காலைத் தன் முழங்கால்மேல் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. என் காலை அப்படி யாரும் மடியில் வைத்ததில்லை.

அவர் முன்னங்காலைக் கையால் அளந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "தம்பிக்கும் இதே காலுதானா?"

பாக்கியத்துக்கு எதுவும் புரியவில்லை. "எந்தத் தம்பி?" என்றாள். நான் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டேன். பாய் தாடிக்குள் சிரித்துக்கொண்டார், காட்டிக்கொடுக்கவில்லை.

அப்புறம் நடந்தது பரீட்சை. முதலில் ஒரு மிலிட்டரி பூட்ஸ். அடியில் வரிசையாக ஆணி, குதியில் இரும்பு லாடம். போட்டு இரண்டு அடி வைத்தேன், கடைத் தரையில் டக் டக் என்று கேட்டது. பாக்கியத்தின் முகம் மலர்ந்துவிட்டது. ஆணி கூடாது என்று போர்மேன் சொன்னதை நினைவுபடுத்தியதும் மனசில்லாமல் ஒதுக்கி வைத்தாள்.

அடுத்து முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். அதற்குள் கால் வெந்துவிடும், ஏணிப் படியில் பிடிப்பும் இருக்காது. கேன்வாஸ் பூட்ஸ் லேசாக இருந்தது, சீக்கிரம் காயும் என்றார் பாய். அவரே அதன் அடியைத் திருப்பிக் காட்டி, "ஆனா இது வெறும் பசை. உங்க ஊரு தண்ணியில ஒரு ஐப்பசி தாங்காது, வாயைப் பொளந்துடும்" என்றார். விற்கிறவரே இப்படிச் சொன்னதில் பாக்கியத்துக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

கடைசியாக ஒரு பழுப்புத் தோல் பூட்ஸ் வந்தது. கணுக்கால் மூடுகிற உயரம், தடித்த ரப்பர் அடி, சுற்றிலும் இரட்டைத் தையல்.

"தங்கச்சி, இதை மடக்கிப் பாருங்க. விரல் மடங்குற எடத்துல மடங்கணும், நடுப்பாதத்துல மடங்கினா ஏணியில நிக்க முடியாது" என்று அவள் கையிலேயே கொடுத்தார்.

அவள் மடக்கிப் பார்த்தாள். எனக்கு மாட்டிவிட்டாள். பெருவிரலை ஆட்டச் சொன்னாள். குதியில் விரலை விட்டுப் பார்த்தாள். குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னாள், எழச் சொன்னாள். அதிலும் திருப்தி வராமல், மேல் தட்டிலிருந்து பெட்டி எடுக்க வைத்திருந்த ஏணியில் ஏறச் சொன்னாள். கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சந்தையில் மாட்டை நடக்க விட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு.

ஏணியிலிருந்து இறங்கி, அவள் காதில் விழாமல் பாயிடம் மெதுவாகக் கேட்டேன். "இது சத்தம் போடுமா பாய்? சத்தம் போடாத பூட்ஸாத்தான் வேணும்."

பாய் மெதுவாகப் பதில் சொல்கிறவர் இல்லை. "சத்தம் போடாத பூட்ஸு கேக்குறது ரெண்டே பேரு. ஒண்ணு சி.ஐ.டி., இன்னொண்ணு திருடன். நீங்க யாரு?"

கடையே சிரித்தது. பாக்கியம் சிரிக்கவில்லை.

ஊர் பஸ்ஸில் ஏறினோம். குடமுருட்டிப் பாலம் தாண்டியதும் சொன்னாள். "ரப்பர் வேணும்னு போர்மேன் சொன்னாரு, சரி. சத்தம் வேணாம்னு யாரு சொன்னா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்ததால் பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

தோல் மாலை

பூட்ஸுக்கு விளக்கெண்ணெய் தடவி இரண்டு நாள் ஊறவிட்டாள் பாக்கியம். வீடெல்லாம் பிரசவ வீட்டு வாசனை. மூன்றாம் நாள் போட்டுக்கொண்டு போனால் கால் மெத்தையில் வைத்த மாதிரி இருந்தது. அந்தச் சுகத்தை எழுதத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து முள்ளும் நண்டுவளையும் பார்த்துப் பார்த்து நடந்தவன், அன்று முதல் முறையாகத் தரையைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து நடந்தேன்.

முதல் வேலையே வயல் நடுவில் நின்ற கம்பத்தில். வரப்புக்குப் போனேன், பூட்ஸைக் கழற்றி வைத்தேன், வயலில் இறங்கிப் போய்க் கம்பத்தில் ஏறினேன். பாதிக் கம்பம் ஏறியபோது கீழே முனகல் நின்றுவிட்டது.

"பூட்ஸு எங்கய்யா?"

"வரப்புல இருக்கு சார்."

"வரப்பு எதுக்குய்யா பூட்ஸு போடுது? அதுவா கம்பம் ஏறுது?"

நெல் விளைகிற இடத்தில் செருப்போடு இறங்குவது எங்களுக்கு ஆகாது. நினைத்துச் செய்கிற காரியமில்லை அது, சோற்றில் கால் படாமல் ஒதுங்குகிற மாதிரிதான். குனிந்து பார்த்தேன். திட்டுகிற போர்மேனும் தன் செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் சேற்றில் நின்றிருந்தார். அவரும் பார்த்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பூட்ஸ்களைக் கயிற்றால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வேன். வெறுங்காலோடு வயலில் நடந்து, கம்பத்தின் சிமெண்டுக் கட்டையில் ஏறி நின்று, சோடா பாட்டிலில் கொண்டுபோன தண்ணீரால் காலைக் கழுவி, சாக்குத் துணியால் துடைத்து, அப்புறம் பூட்ஸ். நடவு நடுகிற எங்கள் தெருப் பெண்கள், "கரண்டுக்காரருக்கு யாரு மாலை போட்டா?" என்று பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். செருப்பு மாலைக்கு எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவள் பாக்கியம்தான்.

பைக்கு வாங்கிய பூட்ஸ்

வயலுக்கு வழி கண்டுபிடித்தாயிற்று. தெருவுக்கு என்ன செய்வது?

எங்கள் ஊர் டிரான்ஸ்பார்மர் பெரிய தெருவின் கிழக்குக் கோடியில் இருந்தது. தினமும் அங்கே போக வேண்டும். நான் அடிபம்பில் நின்று பூட்ஸைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வேன். மழைக்காலத்துத் தெரு, சாணியும் சேறும். கோடிக்குப் போய் அந்த ஈரக் காலையே பூட்ஸுக்குள் திணிப்பேன். அங்கே நின்று காலைக் கழுவித் துடைத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவசரம். திரும்பும்போதும் அதே கதை.

கொஞ்ச நாளில் விரலிடுக்கெல்லாம் புண். நல்ல பூட்ஸ்தான், குற்றம் அதன்மேல் இல்லை. ஒருநாள் காலை உள்ளே விடவே முடியாமல் வெறுங்காலோடு ஏறினேன். அன்றைக்கென்று போர்மேன் வந்தார். கீழே இறக்கி, காலைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"பூட்ஸு உன் காலுக்கு வாங்கினியா, பைக்கு வாங்கினியா?" என்றார். நான் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. தெருவைத் திரும்பிப் பார்த்தார். "மாணிக்கம், இன்னொரு தடவை உன்னை வெறுங்காலோட கம்பத்துல பாத்தேன்னா ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட மாட்டேன். உன் பொண்டாட்டிகிட்ட வந்து நான் சாவு சேதி சொல்ல முடியாதுய்யா."

அன்று பாக்கியம் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் காலில் வைத்துக் கட்டினாள். நான் அவளைச் சமாதானம் செய்யப் பார்த்தேன். "வயல்ல கழட்டறதில்லையா? அது மாதிரி தெருவுலயும்னு வச்சுக்கயேன்."

அவள் கட்டுத் துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். "வயல்ல எல்லாருந்தான் கழட்டுறாங்க. சின்னப் பண்ணையும் கழட்டுறாரு. தெருவுல அவரு கழட்டுறாரா?"

அப்போது உள்ளே வந்தான் என் அண்ணன் வீரையன். சின்னப் பண்ணையிடம் வேலை செய்கிறவன். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறான்.

"தம்பி, உனக்கு மாசம் பொறந்தா சம்பளம். தை பொறந்தா நாங்கதானே அந்த வயல்ல எறங்கணும்? போன வருஷம் கூலி கூடக் கேட்டதுக்கே போலீசு வேன் வந்து நின்னுச்சு. இப்ப நீ பூட்ஸைப் போட்டுக்கிட்டு அவரு வாசல்ல நடந்தின்னா, காரியக்காரரு வெளியூரு ஆளை எறக்கிடுவாரு. சொல்லியே விட்டுட்டாரு."

காரியக்காரர் என்றால் பண்ணையின் வரவு செலவும் ஆள் அம்பும் பார்க்கிறவர். அவர் சொன்னால் செய்வார். வயல் தகராறில் பக்கத்து ஊர்களில் நடந்தவையெல்லாம் பேப்பரில் வந்துகொண்டிருந்த காலம். யாராவது வாசித்துச் சொன்னால் எங்கள் தெருவில் அன்று சோறு இறங்காது. அண்ணன் பயந்ததில் தப்பே இல்லை.

ஒரு பக்கம் அண்ணன் வீட்டுச் சோறு, இன்னொரு பக்கம் என் வேலை. நடுவில் ஒரு ஜோடி பூட்ஸ். என்ன செய்வது என்று தெரியாமல் அன்று நான் சாப்பிடாமலே படுத்தேன்.

தகரக் கொட்டகை

அந்த வாரமே ஒரு காற்று மழை. விடிந்ததும் சேதி வந்தது, பெரிய தெருவில் கம்பி அறுந்து சின்னப் பண்ணை வீட்டு மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரைமேல் கிடக்கிறது, உள்ளே மாடுகள், யாரும் கிட்டே போக முடியவில்லை.

நான் சைக்கிளில் பறந்தேன். டிரான்ஸ்பார்மருக்குப் போய் ஸ்விட்சை இறக்கினால்தான் எதுவும் செய்யலாம். அடிபம்பு வந்தது. இறங்கினேன். உயிர் போகிற அவசரத்திலும் கை பூட்ஸ் கயிற்றுக்குப் போய்விட்டது. மழையில் நனைந்த முடிச்சு, அவிழவில்லை.

தெரு நடுவில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப் பண்ணை கத்தினார். "அதையெல்லாம் அப்புறம் கழட்டிக்கலாம், ஓடி வாடா!" அடுத்த மூச்சிலேயே, "ஓடி வாய்யா மாணிக்கம்!"

ஓடினேன். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, பூட்ஸோடு தெரு முழுக்க ஓடினேன். ஸ்விட்சை இறக்கினேன். ஒரு மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கம்பியை எடுத்து இழுத்துக் கட்டி முடிக்கும்போது உச்சிப் பொழுது. பண்ணை வீட்டு அம்மா மோர் கொடுத்து அனுப்பினார். தொழுவத்துக் கன்றுக்குட்டி ஒன்று என் பூட்ஸை நக்கியது, விளக்கெண்ணெய் வாசனைக்கு.

திரும்பும்போதும் யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பிள்ளைகள் என்னைச் சுற்றி வந்து கத்தினார்கள். நான் ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் வந்தான். அவன் முகத்திலும் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. ஆனாலும் சொன்னான். "இன்னிக்கு அவசரம். அவசரத்துக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நாளைக்குக் கழட்டிரு."

பாக்கியம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "இன்னிக்கு அவங்க மாட்டுக்காகப் போட்டுக்கிட்டுப் போனாரு. நாளைக்கு அவரு காலுக்காகப் போட்டுக்கிட்டுப் போகட்டும்."

மறுபடியும் பெரிய தெரு

பிறகு நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த அத்தியாயத்தை அந்தத் தெருவில் முடிக்கத்தான் எனக்கு ஆசை.

காரியக்காரர் சொன்னபடியே தை மாதம் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். அண்ணன் வேலையில்லாமல் இருந்தான். எங்கள் வீட்டுக்கு வாங்கிய அரிசி இரண்டு அடுப்பில் வெந்தது. அண்ணி வந்து வாங்கிப் போவாள், அண்ணன் மட்டும் என்னோடு பேச மாட்டான். அது எனக்குக் காலில் புண் இருந்ததைவிடப் பெரிய வலி. கடைசி அறுப்புக்குள் தகராறு பேசித் தீர்ந்து எங்கள் ஆட்களையே கூப்பிட்டார்கள். அண்ணன் முதல் கூலி நெல்லில் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டில் கொட்டினான், அப்போதும் பாக்கியத்திடம்தான் பேசினான். என்னோடு பேசச் சித்திரை ஆயிற்று. போர்மேன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். நான் லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். பூட்ஸ் எத்தனையோ மாற்றினேன், எல்லாமே பாய் கடையில்தான், எல்லாமே சாயங்காலத்தில்தான்.

இதெல்லாம் நடக்கும் என்று அந்தக் கார்த்திகைக் காலையில் எனக்குத் தெரியாது. கம்பி கட்டிய மறுநாள். எந்த அவசரமும் இல்லை. எல்லா மாடும் பத்திரமாக இருக்கிறது. நான் அடிபம்பு மேடைமேல் காலை வைத்து, முடிச்சில் கை வைத்து நிற்கிறேன்.

"கழட்டப் போறியா?" என்கிறாள் பாக்கியம்.

காலைக் கீழே இறக்கினேன். கழற்றவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் நடந்தேன். களை பறிக்கப் போகும் எங்கள் பெண்கள் கொல்லைப்புற வாய்க்கால் வழியாகத்தான் போவார்கள். அவள் அந்த வழி போகாமல் என்னோடு வந்தாள்.

சின்னப் பண்ணை வாசலில் ஈஸிசேர் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காரியக்காரர் பக்கத்தில் நின்றார். எதிர்ப்பக்கம் என் அண்ணன் வண்டியில் மாடு பூட்டிக்கொண்டிருந்தான். நான் குனிந்தபடி, காலியான மஞ்சள் பையை வழக்கம்போலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். ரப்பர் அடி ஒரு சத்தமும் போடவில்லை. இப்படியே கோடிக்குப் போய்விடலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

சின்னப் பண்ணை வாசலுக்கு நேராக வந்ததும் பாக்கியம் நின்றாள்.

"ஏங்க!"

இந்த வயல் வரப்பிலிருந்து அந்த வயல் வரப்புக்குக் கூப்பிடுகிற குரல். வீட்டில் 'ஏய்யா', 'இந்தா' என்று கூப்பிடுகிறவள். அந்தத் தெருவில் எங்கள் ஆட்களை யாரும் 'ங்க' போட்டு மரியாதையாகக் கூப்பிட்டு அதுவரை நான் கேட்டதில்லை. யாரைக் கூப்பிடுகிறாள் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"ஏங்க, பூட்ஸு காலைக் கடிக்குதாங்க?"

பேப்பர் கீழே இறங்கியது. காரியக்காரர் என் காலைப் பார்த்தார். அண்ணன் நுகத்தடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். நான் பையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டேன்.

"உங்களைத்தாங்க கேக்குறேன். கடிக்குதா?"

"இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "கடிக்கலை!"

"கடிக்கலைல்ல? அப்புறம் எதுக்குக் குனிஞ்சுக்கிட்டே போறீங்க? நிமிந்து நடங்க."

நிமிர்ந்தேன். தெருக்கோடி வரைக்கும் அவள் என் பக்கத்திலேயே வந்தாள்.